பயணத் தலைவர் பனிக்குப் போனார்

பயணம் போகிற மனிதர்களில் இரண்டு வகை உண்டு. சும்மா பயணம் போகிறவர்கள் ஒரு வகை; அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மற்ற வகை. முதல் வகையினரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாவங்கள், பின்னால் நடப்பார்கள். இரண்டாம் வகையினர்தான் இன்று நமக்கு வேண்டியவர்கள். குடும்பத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் ஆண்டவன் இவர்களைப் படைக்கிறான். தவறி இரண்டு பேர் பிறந்துவிட்டால் அந்தக் குடும்பம் வாசல்படி தாண்டாது. இவர்களுக்குப் பயணத் தலைவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்தத் தேர்தலிலும் யாரும் இவர்களைத் தெரிவு செய்வதில்லை. பதவியிலிருந்து இறக்கவும் வழியில்லை.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து மணி விமானத்துக்கு விடியுமுன்னே வீட்டாரை எழுப்பி, முகம் கழுவவைத்து, கூடத்தில் வரிசையாக நிறுத்தி, பெட்டிகளை எண்ணி, ஆட்களை எண்ணி, எண்ணி முடிந்தபிறகு கழிவறைக்குப் போகக் கேட்டவளை முறைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எண்ணி, கடவுச்சீட்டுகளை ஒரு உறையிலும் அவற்றின் பிரதிகளை இன்னொரு உறையிலும் பிரதிகளின் பிரதிகளைத் தன் காலுறைக்குள்ளும் வைத்து, "ஒருத்தரும் பதட்டப்படாதேங்கோ" என்று அவர் சொல்லும்போதுதான் அதுவரை நிம்மதியாக நின்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கும். புறப்படுமுன் அவர் சொல்வது, "எல்லாத்தையும் என்னட்டை விடுங்கோ." பாதி வழியில் சொல்வது, "நான் விசாரிச்சுப்போட்டன்." எல்லாம் பிழைத்து நடுத்தெருவில் நிற்கும்போது சொல்வது, "உதைத்தான் நான் அப்பவே சொன்னனான்." எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்கக்கூடாது. கேட்டவர்கள் அடுத்த பயணத்தில் பின் இருக்கையில் பெட்டிகளோடு வருவார்கள்.

லண்டனின் ஓரத்து மோர்டனில் குடியிருந்த பாலேந்திரா இந்த இனத்தின் தலைமகன். கவுன்சிலில் வீதிகளின் பள்ளம் பார்க்கிற மேற்பார்வை வேலை. பளபளக்கும் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று கையை நீட்டினால் பேருந்தும் நிற்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மனைவி சிவனேஸ்வரி பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறப்பவர்களைப் பகல் முழுக்கப் பார்த்துக் களைத்ததாலோ என்னவோ, வீட்டில் தன் வாயை அதிகம் திறப்பதில்லை. ஒரே மகள் சுவர்ணா. பதின்மூன்று வயது. சனிக்கிழமை தோறும் ஸ்ட்ரெதம் பனிச்சறுக்கு மண்டபத்தில் அவளைப் பார்க்கவேண்டும். வீட்டில் மேசைக்கால் தடுக்கி விழுகிற பிள்ளை, அங்கே கத்திச் சப்பாத்து இரண்டைக் கட்டிவிட்டால் பனிக்கட்டிமேல் பட்டம் மாதிரிச் சுற்றும்.

2006ஆம் ஆண்டு தை மாதம், ஒரு சாப்பாட்டு மேசையில், பாலேந்திரா ஒரே மூச்சில் இரண்டு அறிவித்தல்கள் விட்டார்.

"வாற செப்டெம்பரிலை இருந்து சனிக்கிழமையிலை கணக்கு ரியூசன். சறுக்கினது காணும். ஆனால் பிரியாவிடை ஒண்டு செய்யவேணுமெல்லே? இத்தாலியிலை, துரினிலை, குளிர்கால ஒலிம்பிக் வருது. நேரை கொண்டுபோய் அந்த ஐஸ் நடனத்தைக் காட்டிறன்."

முதல் பாதிக்குச் சுவர்ணா அழுதாள். இரண்டாம் பாதிக்கு ஓடிவந்து கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். பதின்மூன்று வயதில் இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்யலாம். சிவனேஸ்வரி மட்டும், "ரியூசனை ஏன் சனிக்கிழமை..." என்று தொடங்கினாள். "என்னட்டை விடும்" என்றார் தலைவர். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

நுழைவுச்சீட்டு வாங்கப் போனபோதுதான் சிக்கல். கணினியில் சறுக்கு நடனத்துக்கு எதிரே எல்லா நாளும் 'விற்று முடிந்தது' என்று கிடந்தது. வேறு மனிதனாக இருந்தால் பிள்ளையிடம் வந்து சொல்லியிருப்பான். பயணத் தலைவர்கள் வேறு மனிதர்கள் அல்ல. இரண்டு வரி கீழே 'கேர்லிங்' என்று ஒன்று இருந்தது, சீட்டும் தாராளமாகக் கிடந்தது. பாலேந்திரா யோசித்தார். கேர்ல் என்றால் சுருள். சுருண்டு சுருண்டு, சுழன்று சுழன்று ஆடுவதைத்தானே பிள்ளை சனிக்கிழமை தோறும் செய்கிறது? ஒரே பலகாரத்துக்கு ஊருக்கொரு பேர் இருப்பதில்லையா? விளக்கத்தை வாசிக்க ஒரு பொத்தான் இருந்தது. விளக்கம் மற்றவர்களுக்கு. நாலு சீட்டு வாங்கினார்.

நாலாவது சீட்டு கோபாலனுக்கு. கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் மலேசியத் தமிழர். படிக்க வந்து, கணக்காளர் வேலையோடு தங்கிவிட்டவர். மனைவி ஊருக்குப் போயிருந்ததால் தனியாக நின்றவரைத் தலைவர் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். கோபாலன் மரியாதையான மனிதர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"அண்ணே, இது வேற வெளையாட்டு மாதிரி இருக்கே? கல்லு தள்ளுறது ஒண்ணு டிவில பாத்த ஞாபகம்."

"தம்பி, நான் விசாரிச்சுப்போட்டன்."

"எடமும் துரின் இல்ல போல. பினரோலோன்னு போட்டிருக்கு."

"மோர்டனிலை இருந்துகொண்டு நாங்கள் லண்டனிலை இருக்கிறம் எண்டு சொல்லுறேல்லையோ? அப்பிடித்தான்."

கோபாலன், "சரி லா" என்றார். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களால்தான் பயணத் தலைவர்கள் உலகத்தில் செழிக்கிறார்கள்.

மாசிப் பள்ளி விடுமுறையில் புறப்பட்டார்கள். சிவனேஸ்வரி பருத்தித்துறை வடை ஒரு வாளி சுட்டாள். பாலேந்திரா குளிருக்கும் கூட்டத்துக்கும் சேர்த்துத் தன் மஞ்சள் மேலங்கியையே போட்டுக்கொண்டார். "சனம் நெருக்கும். என்னைக் கண்டுபிடிக்க லேசு" என்றார்.

கண்டுபிடித்தார்கள். முழு ஐரோப்பாவும் கண்டுபிடித்தது.

போய் இறங்கிய மறுநாள் மதியம், துரினின் பெரிய ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. பனிப்பலகையைத் தோளில் சுமந்தவர்கள் திரும்பும்போதெல்லாம் பின்னால் நின்றவர்கள் குனிந்து எழும்பினார்கள். கொடி, ஊதுகுழல், மாட்டுமணி, முகத்தில் சாயம். அந்தச் சனக்கடலின் நடுவில் பளிச்சென்ற மஞ்சள் அங்கியோடும் கையில் தடித்த கோப்போடும் ஒரு மனிதர் நிமிர்ந்து நின்றால், அவர் யார் என்று நினைப்பீர்கள்? முதலில் ஒரு ஜப்பானியத் தம்பதி வந்து வரைபடத்தை நீட்டியது. பாலேந்திரா 'நான் இந்த ஊர் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி ஒன்று தன்னிடம் வந்து பதில் கிடைக்காமல் திரும்பிப் போவதைப் பார்க்கச் சகிக்காத இனம் அது. "ஸ்ரெயிற். தென் லெஃப்ற்" என்றார். அவர்கள் மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான். அடுத்துப் போலந்துக்காரர், அதற்கடுத்துக் கைக்குழந்தையோடு ஒரு பெண், பிறகு ஒரு வரிசை. ஆம், வரிசை. பாலேந்திரா கழிவறைக்கு வழி சொன்னார், காப்பிக்கடைக்கு வழி சொன்னார், மலைக்கு வழி சொன்னார். எந்த மலை என்றுகூடக் கேட்கவில்லை. முகம் அப்படியே பூத்துவிட்டது. இருபது வருடம் கவுன்சிலில் வேலை செய்தும் ஒருவர்கூட அவருக்கு இப்படி நன்றி சொன்னதில்லை. சிவனேஸ்வரி வடை வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, எங்கட ரயில்..." என்று இழுத்தாள்.

அப்போது சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஸ்பெயின் நாட்டு அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும் போலிருந்தது. "ஐஸ்... டான்ஸ்..." என்றவர், சொல் தீர்ந்துபோக, விரலை உயர்த்திச் சுழற்றிக் காட்டினார்.

பாலேந்திரா வெற்றியோடு கோபாலனைத் திரும்பிப் பார்த்தார். "கண்டியளோ தம்பி, சுழலுறது." பிறகு அம்மாவிடம், "ஃபலோ மீ" என்றார்.

அவர் அம்மாவிடம் மட்டும் சொன்னார். பின்தொடர்ந்தவர்கள் பதினாறு பேர். அதில் செம்மஞ்சள் உடுப்பும் செம்மஞ்சள் தொப்பியுமாக இரண்டு ஒல்லாந்தர் வேறு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்த காலத்தில்கூட இவ்வளவு பணிவாக ஒரு யாழ்ப்பாணத்தான் பின்னால் நடந்திருக்க மாட்டார்கள். பினரோலோ போகும் ரயில், ஒரு மணித்தியாலம். வழியெல்லாம் தலைவர் எழுந்து எழுந்து ஆட்களை எண்ணினார். இருபது பேர். வாழ்க்கையில் அவர் எண்ணிய ஆகப்பெரிய தொகை அது.

மண்டப வாசலில் நின்ற காவல்காரர், ஸ்பெயின் அம்மாவின் சீட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "துரின்" என்று வந்த பக்கமே கையைக் காட்டினார்.

"திஸ் இஸ் ஸ்கேற்றிங்" என்றார் பாலேந்திரா.

"நோ. கேர்லிங்."

"யேஸ், யேஸ். கேர்லிங். ஸ்கேற்றிங்."

காவல்காரர் சொல்லால் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டினார். அதில் ஒரு வட்டக் கல், அதன் தலையில் ஒரு கைபிடி, பார்த்தால் தேநீர்க் கேத்தில் மாதிரி. அதன் முன்னால் இரண்டு பேர் குனிந்து நின்று தும்புத்தடியால் பனியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபது பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு பாலேந்திராவைப் பார்த்தார்கள்.

சுவர்ணா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்த பிள்ளை.

"சொறி, மடம். வெறி சொறி. மை மிஸ்ரேக்" என்றார் பாலேந்திரா, ஸ்பெயின் அம்மாவிடம்.

வாசகரே, இதைக் கேட்டு அதிசயப்படாதீர்கள். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது நம்மவர்களுக்கு வலிக்காது. லண்டனில் கொஞ்சக்காலம் இருந்தால், நம்முடைய காலை மிதித்தவனிடம்கூட நாமே 'சொறி' சொல்லிவிடுவோம். தமிழில், வீட்டாரிடம் சொல்வதல்லவா கடினம்? அதற்கு வாய் திறக்கும்போது முழங்கால், முதுகு, பரம்பரை எல்லாம் சேர்ந்து மடங்கவேண்டியிருக்கிறது.

"ஆன்ரிக்குச் சொல்லீட்டீங்கள் அப்பா" என்றாள் சுவர்ணா. "எனக்கு?"

"உதைத்தான் பிள்ளை உனக்குக் காட்டவேணும் எண்டு நினைச்சனான். ஒரு புது விளையாட்டு..."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பதினாறு பேரில் சிலர் திட்டிக்கொண்டு, சிலர் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். ஒல்லாந்தர் இருவரும் எதுவென்றாலும் சரியென்று சீட்டு வாங்கினார்கள். ஸ்பெயின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய சறுக்கு நடனம் மாலை ஏழு மணிக்கு, நேரம் கிடந்தது. தோளைக் குலுக்கிவிட்டு அவரும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வந்து சுவர்ணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவனேஸ்வரி அவருக்கு ஒரு வடை கொடுத்தாள். பேச்சில்லாமலே சிநேகமாயிற்று.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் கல்லைத் தள்ளிவிட்டான். இரண்டு பேர் அதன் முன்னால் ஓடி ஓடித் தேய்த்தார்கள். மறுகோடியில் ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"உவன் ஏன் கத்துறான்?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

"அவருதான் கேப்டன் அக்கா. கல்லு எங்க போகணும்னு அவரு சொல்லுவாரு" என்றார் கோபாலன்.

"அந்தாள் தேய்க்கமாட்டாரோ?"

"ரொம்ப இல்ல. நின்னு சொல்லுவாரு."

சிவனேஸ்வரி கொஞ்சநேரம் பார்த்தாள். ஒருவன் கத்துகிறான், இரண்டு பேர் குனிந்து தேய்க்கிறார்கள், கல் அது பாட்டுக்குப் போகிறது.

"விளங்கீட்டுது" என்றாள். "எங்கட வீடு மாதிரித்தான்."

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பதினைந்து வருட மண வாழ்க்கையில் சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் அன்று வெளியே வந்தது. எந்த நாடு விளையாடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. தேய்ப்பவர்கள் எல்லோரும் அவள் கட்சி. "தேய்! தேய்! விடாதை!" என்று அவள் எழும்பி நின்று கத்த, ஒல்லாந்தர் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு "தேய், தேய்" என்று கூவ, அரைமணி நேரத்தில் அந்த வரிசை முழுக்கச் சுத்தமான யாழ்ப்பாணத்துத் தமிழில் உற்சாகப்படுத்தியது. கோபாலன் வடை வாளியில் தாளம் போட்டார். பாலேந்திரா எழுந்து, "சிவனேஸ், இரும், சனம் பாக்குது" என்றார். பார்த்த சனம் அவரைத்தான் உட்காரச் சொன்னது, மறைக்கிறதென்று.

கடைசிக் கல்லைக் கத்துகிற தலைவனே வந்து தள்ளினான். மண்டபம் மூச்சை அடக்கியது. கல் நடுவட்டத்தைத் தொடாமல் நழுவி, வழியில் இருந்த தன் கட்சிக் கல்லையும் இடித்துத் தள்ளிவிட்டு ஓரத்தில் போய் நின்றது. ஆட்டம் தோல்வி. அவன் தேய்த்தவர்களைப் பார்த்தான். கையைத் தூக்கி நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். என்னுடையது, என் பிழை.

"பாத்தீங்களே" என்றாள் சிவனேஸ்வரி. குரல் கட்டிப்போயிருந்தது. "அந்தாள் சொல்லீட்டான். கூரை இடிஞ்சு விழேல்லை."

பாலேந்திரா கூரையைப் பார்த்தார்.

இதற்கிடையில் ஸ்பெயின் அம்மா வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இருக்கைகளுக்கு நடுவிலிருந்த வழியில் சப்பாத்து நுனியால் அரைவட்டமும் எட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா தன் பையைத் திறந்து இரண்டு நுழைவுச்சீட்டுகளை எடுத்தார். ஒன்றைக் காட்டி, "மீ" என்றார். மற்றதைக் காட்டி, "மை ஹஸ்பண்ட்" என்று சொல்லி, கணுக்காலைத் தொட்டு, பனியில் வழுக்கி விழுவதுபோல நடித்து, விடுதியில் படுத்திருப்பதாகக் கன்னத்தில் கைவைத்துக் காட்டினார். பிறகு அந்தச் சீட்டைச் சுவர்ணாவின் மடியில் வைத்தார்.

சுவர்ணா தன் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பாலேந்திரா கோப்பைத் திறந்து ஸ்பெயின் அம்மாவின் பெயர், விடுதி, புருஷனின் தொலைபேசி இலக்கம், இருக்கை எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இனம் இனம்தானே.

நேரமோ ஐந்தைத் தாண்டிவிட்டது. ஓடினார்கள். பனி விழுந்து கிடந்த தெருவில் முன்னால் சிவப்புத் தொப்பி, அதன் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ணா, பிறகு வாளியோடு கோபாலன், "நில்லுங்கோ" என்று கத்தக் குரலில்லாத சிவனேஸ்வரி, ஆகக் கடைசியில் பயணத் தலைவர். பயணமொன்றில் அவர் கடைசியாக வந்தது அதுவே முதல் தடவை. ரயிலுக்குள் ஈர்க்குக் குத்தவும் இடமில்லை. தள்ளுண்டு தள்ளுண்டு போய், பாலேந்திராவின் முகமும் மகளின் முகமும் ஒரு சாண் இடைவெளியில் மாட்டிக்கொண்டன. வேறெங்கே திரும்பினாலும் யாரோ ஒருவர் கைதூக்கி நின்ற கமக்கட்டுத்தான்.

மூன்று நிலையங்கள் கடந்தன.

"பிள்ளை" என்றார். "பிழை என்ரையது."

"என்ன அப்பா? கேக்கேல்லை." கேட்டதென்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"என்ரை பிழை எண்டன். அந்தப் பொத்தானை அமத்தி வாசிச்சிருக்கவேணும். வாசிக்கேல்லை."

சுவர்ணா, "இட்ஸ் ஓகே அப்பா" என்றாள். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் நெற்றி வந்து மஞ்சள் அங்கியில் முட்டியது. குலுக்கல் நின்ற பிறகும் அங்கேயே இருந்தது.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கச் சிவப்புத் தொப்பியும் சுவர்ணாவும் சறுக்கு மண்டபத்துக்குள் மறைந்தார்கள். மற்ற மூவரும் வெளியே காத்து நின்றார்கள். காதைக் குளிர் கடித்தது. உள்ளே இசை எழும்போதெல்லாம் கண்ணாடிச் சுவர் லேசாக அதிர்ந்தது. மஞ்சள் அங்கியைக் கண்டு ஒரு ஜேர்மன்காரர் வந்தார்; பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டார். பாலேந்திராவின் கை பழக்கத்தில் தானாகவே எழுந்தது. பாதியில் நின்றது. இறங்கியது.

"ஐ டோன்ற் நோ" என்றார்.

சிவனேஸ்வரி பதறிப்போய் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அன்று மாலை அவர் அதைப் பதினொரு பேரிடம் சொன்னார். முதல் இரண்டு முறை மருந்து குடித்த மாதிரி இருந்தது. ஆறாவது முறைக்குப் பிறகு சொல்லிவிட்டுச் சிரிக்கவே தொடங்கிவிட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டால் கேட்டவன் வேறொருவனிடம் போய்க் கேட்கிறான், அவ்வளவுதான் நடக்கிறது என்பது நாற்பத்தெட்டு வயதில் அவர் கண்டுபிடித்த புதினம்.

சுவர்ணா வெளியே வந்தாள். வாசலில் கிடந்த பனியில் சப்பாத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினாள், வழுக்கினாள், கோபாலன் பிடித்தார், திரும்பவும் சுற்றினாள். ஸ்பெயின் அம்மா கைதட்டினார். பிறகு பிள்ளை மூச்சு வாங்க அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"செப்டெம்பரிலை என்ன அப்பா?"

பாலேந்திரா வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது. போன மாதமே அச்சடித்து வைத்த பதில். அதை விழுங்கினார்.

"தெரியேல்லைப் பிள்ளை" என்றார். "நீ என்ன நினைக்கிறாய்?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. சுவர்ணா நினைத்ததைச் சொல்ல விடுதி போய்ச் சேரும்வரை பிடித்தது. லண்டன் திரும்பி இரண்டாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமையில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு ரீச்சரைக் கோலியர்ஸ் வுட்டில் அவளே தேடிப்பிடித்தாள். சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருந்தது. வீடு கூட்டும்போது இப்போதெல்லாம் சிவனேஸ்வரி நின்று சத்தம் போடுகிறாள். பாலேந்திரா தேய்க்கிறார்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வாசித்தீர்கள். உங்கள் மச்சானை நினைத்தீர்கள், உங்கள் பெரியப்பாவை நினைத்தீர்கள், பிளேஸ்டோவில் இருக்கும் அந்த அண்ணையை நினைத்தீர்கள். உங்களை நினைக்கவில்லை. நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாலேந்திரா குடும்பம் பனியில் விழுந்தெழும்பி ரயிலுக்கு ஓடியபோது, உங்களுக்குள் ஒரு குரல், "ரயில் எதுக்கு? வாசலிலையே ஒரு ரக்ஸி பிடிச்சிருந்தால் இருபது நிமிசம் மிச்சம்" என்று சொன்னதா, இல்லையா?

சொன்னது என்றால் மெல்லத் தலையைத் தூக்கி உங்கள் வீட்டாரைப் பாருங்கள். அவர்களிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.